மிகைமொழியும் மெய்ம்மொழியும்
(லோஹேகாவ் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

மேடை ஏறுவோர் தம்மைச் சிறு துளி என்பதும், அவையைத் தமிழ்க்கடல் என்பதும் நம் வழக்கம். இரண்டும் மிகையே, ஆயினும் இவற்றைப் பொய் என்று ஒருவரும் கடிந்துகொள்வதில்லை. மொழியில் மிகைக்கு இடம் யாது, எல்லை யாது என்பதே இன்று நாம் எண்ணிப்பார்க்க எடுத்துக்கொண்ட பொருள்.

மிகையின்றி நாம் ஒரு நாளும் பேசுவதில்லை. 'ஆயிரம் முறை சொல்லிவிட்டேன்' என்கிறாள் தாய். 'நான்கு முறைதானே சொன்னாய்' என்று மகன் விடையிறுத்தால், அவன் கணக்கில் வல்லவனே அன்றி மொழியில் வல்லவன் அல்லன். அங்கே ஆயிரம் என்பது எண் அன்று. தாயின் சலிப்புக்கு அளவுகோல். 'பசியால் உயிர் போகிறது' என்பதும், 'கையகல நிலம்' என்பதும் இத்தகையனவே. சொல்வோரும் கேட்போரும் மிகையென்று அறிந்தே வழங்குவதால் இதில் ஏமாற்றம் இல்லை. பொய்யோ, கேட்போர் அறியாதிருந்தால்தான் செல்லும். மிகைக்கும் பொய்க்கும் உள்ள வேற்றுமை இதுவே.

இன்றைய இலக்கண நூல்கள் உயர்வு நவிற்சி என்று கூறும் இவ்வணியைத் தண்டியலங்காரம் 'அதிசயம்' என்கிறது. உள்ளத்திற் பதிந்த ஒரு பொருளின் அழகை உவந்து சொல்லும்போது, சான்றோர் வியக்கும்படி சொல்லுக. ஆனால் உலக வரம்பைக் கடவாமற் சொல்லுக என்பது அந்நூலின் கருத்து. உவப்பு வேண்டும், வியப்பு வேண்டும், வரம்பும் வேண்டும் என மூன்றையும் ஒருங்கே வைத்த நுட்பம் போற்றத்தக்கது.

நம் பிள்ளைகள் இங்கே பள்ளியில் மராத்தி இலக்கணம் பயில்கின்றனர். அங்கும் இதே அணி 'அதிசயோக்தி' என்னும் பெயரோடு வருகிறது. அதற்குக் காட்டும் பாட்டு ஒன்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு தம்படிக்கு வாங்கிய எண்ணெயில் வீட்டார் பலரின் தேவையும் நிறைவேறிற்றாம். எஞ்சியது கவிழ்ந்து ஊர்வாயில் வரை ஓடிற்றாம். அவ்வெள்ளத்தில் ஒட்டகமும் அடித்துச் செல்லப்பட்டதாம்! கேட்கும் குழந்தை சிரிக்குமேயன்றி, ஒட்டகத்தைத் தேடிப் புறப்படுவதில்லை.

இதனினும் உயர்ந்த மிகையொன்றும் இம்மண்ணுக்கு உரியது. 17 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த துக்காராம் அடிகளின் அன்னையார் பிறந்த ஊர் நம் லோஹேகாவ் என்பதும், அடிகள் ஈங்கு வந்து கீர்த்தனை செய்தனர் என்பதும் வழிவழி வரும் செய்தி. தாம் அணுவினும் சிறியர் என்றும், வானளவு பெரியர் என்றும் ஒரே மூச்சில் அவர் ஓர் அபங்கத்திற் பாடினார். 'தான்' என்பது சுருங்கச் சுருங்க அருள் விரியும் என்பதை அளவுச் சொற்களாற் சொல்ல இயலாது. ஆகவே அளவைக் கடந்த சொல் அங்கே மெய்யுரைக்கும் கருவியாயிற்று.

நம் கபிலரும் அத்தகையரே. எல்லோரும் பாரி ஒருவனையே புகழ்கின்றனர். உலகைக் காப்பதற்கு மாரியும் உண்டு என்று புறநானூற்றில் அவர் கூறுகின்றார். இகழ்வது போலத் தொடங்கி மழைக்கு நிகராக மன்னனை உயர்த்திய மிகை அது. அதன் அடியில் பாரியின் உண்மைக் கொடை நிற்றலால் அது இன்றும் நிற்கிறது.

நம் சங்கங்களிலோ, விழாவுக்கு நாற்காலி தந்தாரையும் பாரி வள்ளல் என்கிறோம். அன்பு பற்றிய பேச்சேயாயினும், மெய்யாகவே வாரி வழங்குபவர் ஒருவர் வரும் நாளில் அவரைச் சொல்ல நம்மிடம் சொல் எஞ்சாது. அளவின்றி அச்சிட்ட பணம் மதிப்பிழப்பது போலச் சொல்லும் மதிப்பிழக்கும்.

இதனினும் கருதத்தக்கது ஒன்றுண்டு. கல் தோன்றி மண் தோன்றாத காலத்திலேயே முன்தோன்றியது தமிழ் எனப் பல மேடைகளில் முழங்குகிறோம். அக்கருத்து புறப்பொருள் வெண்பாமாலையில், கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையை மீட்கும் கரந்தைத் திணையில் வருவது. வாளேந்திய மறக்குடியொன்றின் பழமையைப் புலவர் உயர்த்திப் பாடிய புகழ்ச்சி அது, காலக்கணக்கு அன்று. அதனையே வரலாறு என்று நம் பிள்ளைக்குக் கற்பித்தால், அவன் வகுப்பில் மராத்தித் தோழன் சான்று கேட்கும்போது என் செய்வான்? அன்று நாணித் தலைகுனிபவன், நாளை நாம் சொல்லும் மெய்யையும் ஐயுறுவான். இதுவன்றோ பேரிழப்பு!

நம் மெய்யே போதிய பெருமை உடையது. மதுரையை அடுத்த மாங்குளத்துக் குகைக் கல்வெட்டுகள் கிறிஸ்து பிறப்பதற்கு முற்பட்டவை. கீழடிப் பண்பாட்டைக் கி.மு. 6 ஆம் நூற்றாண்டு வரை கொண்டுசென்றது, தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019 இல் வெளியிட்ட அறிக்கை. 2004 இல் நடுவணரசு தமிழைச் செம்மொழி என அறிவித்தது. 2024 இல் மராத்தியும் அச்சிறப்பைப் பெற்றது. இரண்டு செம்மொழிகளுக்கு இடையே வளரும் பேறு நம் பிள்ளைகளுக்கு வாய்த்திருக்கிறது. ஒன்றைத் தாழ்த்தி மற்றொன்றை உயர்த்தும் தேவை அவர்களுக்கு இல்லை.

அங்ஙனமாயின் எதனைத்தான் மிகைப்படுத்துவது? வள்ளுவர் வழி காட்டுகின்றார். தினையளவையும் பனையளவாகக் கொள்ளுமாறு அவர் ஈரிடத்திற் கூறுகின்றார். ஒன்று, பிறர் நமக்குச் செய்த நன்றி. மற்றொன்று, நம்மிடம் நேர்ந்த குற்றம். நம் பெருமையைப் பனையாக்குமாறு அவர் யாண்டும் கூறவில்லை.

பிழைப்பு நாடி வந்தோர்க்கு முதல் நாளில் வழி காட்டியவர், மொழி தெரியாத நம் தாய்மார்க்குக் கடைவீதியில் துணை நின்ற அண்டை வீட்டு அம்மையார், இவர்கள் செய்த உதவி தினையளவே ஆகலாம். அதனைப் பனையளவாக நம் மக்களுக்குச் சொல்லுவோம். அந்த மிகையினும் பெரிய மெய் வேறில்லை.