திருட்டுக் கொடுத்தவருக்கு என்ன ஈடு? – பொதுக்கூட்ட உரையின் எழுத்து வடிவம்



பைக்குக்குக் கடன் கேட்டுப் போகிறீர்கள். வீட்டுக்கடன் கேட்டுப் போகிறீர்கள். கவுண்ட்டரில் இருப்பவர் உங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கம்ப்யூட்டரைப் பார்க்கிறார். "சிபில் ஸ்கோர் கம்மியா இருக்கே"ன்னு ஒரே வார்த்தை. கதை முடிஞ்சுது.

அந்த ஸ்கோரைக் கணக்குப் போடுவது யார்? ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற நான்கு நிறுவனங்கள். டிரான்ஸ்யூனியன் சிபில், ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க். நீங்கள் இவர்களிடம் போய்க் கணக்கு ஆரம்பித்தீர்களா? கிடையாது. உங்களுக்குக் கடன் கொடுத்த வங்கியும் மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனியும் உங்கள் விவரத்தை அங்கே அனுப்புகின்றன. 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடக்கும் ஏற்பாடு இது. மளிகைக்கடை பிடிக்கலைன்னா அடுத்த கடைக்குப் போகலாம். இவங்களை விட்டுட்டு எங்கே போவீங்க?

அப்படிப்பட்ட இடத்தில் பூட்டு உடைந்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் உடைந்தது. அதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

2017 மார்ச் மாதம். 'அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ்' என்ற மென்பொருளில் ஓட்டை இருக்கிறது என்று தெரிந்தது. அடைப்பதற்கான திருத்தமும் அப்போதே வந்துவிட்டது. அமெரிக்க அரசு எச்சரிக்கை அனுப்பியது. ஈக்விஃபேக்ஸ் நிறுவனமும் தன் ஊழியர்களுக்கு, 48 மணி நேரத்தில் சரிசெய்யுங்கள் என்று மின்னஞ்சல் அனுப்பியது. ஆனால் பொதுமக்கள் புகார் பதிவு செய்யும் தளத்தில் மட்டும் அந்த ஓட்டை அடைபடவில்லை. மே மாதம் அதன் வழியாகத் திருடர்கள் நுழைந்தார்கள். 76 நாள் உள்ளேயே உட்கார்ந்து அள்ளினார்கள். காவலுக்கு வைத்திருந்த கருவியின் சான்றிதழ் காலாவதியாகிப் பல மாதம் ஆகியிருந்தது. அதனால் அது கண்ணை மூடிக்கொண்டு நின்றது. ஜூலை 29-ஆம் தேதிதான் கண்டுபிடித்தார்கள். மக்களுக்குச் சொன்னது எப்போ? செப்டம்பர் 7.

பாதிக்கப்பட்டவர்கள் 14 கோடியே 70 லட்சம் பேர். பெயர், பிறந்த தேதி, முகவரி, சோஷியல் செக்யூரிட்டி எண் எல்லாம் போச்சு. பாஸ்வேர்டு போனா மாத்திக்கலாம். பிறந்த தேதியை எப்படி மாத்துவீங்க?

தலைமை அதிகாரி ரிச்சர்ட் ஸ்மித் பதவி விலகினார். நாடாளுமன்றக் குழு முன்பு வந்து, ஓர் ஊழியர் தகவல் சொல்லத் தவறிவிட்டார் என்றார். இவ்வளவு பெரிய நிறுவனம், ஓர் ஆள் மறந்தா எல்லாம் போயிடுமாம்! செய்தி வெளியாகும் முன்பே தன் பங்குகளை விற்றுத் தப்பித்த ஓர் அதிகாரிக்கு 4 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. அதுவும் பங்கு விற்ற குற்றத்துக்கு. மக்கள் தகவலைக் கோட்டை விட்டதற்கு அல்ல. 2020-இல் சீன ராணுவத்தைச் சேர்ந்த நான்கு பேர் மீது அமெரிக்கா இந்தத் திருட்டுக்காகக் குற்றம் சாட்டியது.

2019 ஜூலையில் உடன்பாடு வந்தது. 70 கோடி டாலர் வரை என்று தலைப்புச் செய்தி. அதில் மக்களுக்கான நிதி அதிகபட்சம் 42.5 கோடி டாலர். கடைசிப் பைசா வரை எல்லோருக்கும் பிரித்தாலும் தலைக்கு 3 டாலர் கூடத் தேறாது. தகுதி உள்ளவர்களுக்கு 125 டாலர் ரொக்கம் என்றார்கள். அதற்கு ஒதுக்கிய பணம் 3.1 கோடி டாலர்தான். இரண்டரை லட்சம் பேர் கேட்டாலே பானை காலி. கடைசியில் அரசின் வர்த்தக ஆணையமே, பணத்துக்குப் பதிலாக இலவசக் கண்காணிப்புச் சேவையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. அந்தச் சேவையை முதல் நான்கு வருடம் தருவது எக்ஸ்பீரியன். அதற்குப் பிறகு? அதே ஈக்விஃபேக்ஸ்!

இருந்தாலும் ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். அங்கே மக்கள் கூட்டாக வழக்குப் போட முடிந்தது. ஈடு கேட்க வழி இருந்தது. 2018-இல் புதுச் சட்டம் வந்து, தன் கடன் அறிக்கையைத் தானே இலவசமாகப் பூட்டி வைக்கும் உரிமை கிடைத்தது. பூட்டிவிட்டால் உங்கள் பெயரில் வேறொருவன் புதுக் கடன் வாங்குவது கஷ்டம்.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம்.

நம்மிடம் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியப் பிரிவுகளுக்கு 18 மாதம் அவகாசம். பாதுகாப்பில் அலட்சியம் காட்டினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். கேட்க நல்லா இருக்கா? அந்தப் பணம் யாருக்குப் போகுதுன்னு கேளுங்க. இந்திய அரசின் தொகுப்பு நிதிக்கு. திருட்டுக் கொடுத்தவருக்கு அதில் ஒரு ரூபாய் கிடையாது.

அது மட்டுமா? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43-ஏ என்று ஒரு பிரிவு. நிறுவனத்தின் அலட்சியத்தால் தகவல் கசிந்து நட்டம் வந்தால், பாதிக்கப்பட்டவருக்கு ஈடு தர வேண்டும் என்பது அது. புதுச் சட்டம் அந்தப் பிரிவையே நீக்குகிறது. வாரியம் விசாரிக்கும் விஷயத்துக்கு சிவில் கோர்ட்டுக்கும் போக முடியாது. ஆனால் நீங்கள் அற்பமான புகார் கொடுத்தீர்கள் என்று வாரியம் முடிவு செய்தால் உங்களுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம்! வீடு புகுந்து திருட்டுப் போனவனுக்கு ஈடு இல்லை, புகார் எழுதினவனுக்கு எச்சரிக்கை. இது என்ன நியாயம்?

ஈடு கொடுப்பது நடக்காத காரியமும் இல்லை. கடன் அறிக்கையில் உள்ள தவறு பற்றிய புகாரை 30 நாளில் தீர்க்காவிட்டால், அதன் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கே தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது. 2024 ஏப்ரலில் இருந்து அது நடைமுறை. தாமதத்துக்கு ஈடு உண்டு என்றால், தகவலைத் தொலைத்ததற்கு ஏன் இல்லை?

எனவே நாம் கேட்பது மூன்று. ஒன்று, தகவல் கசிவால் பாதிக்கப்பட்டவருக்கு நேரடி இழப்பீடு சட்டத்தில் திரும்ப வர வேண்டும். இரண்டு, அபராதத்தில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டவர்களுக்குப் போக வேண்டும். மூன்று, கடன் அறிக்கையை இலவசமாகப் பூட்டி வைக்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் வேண்டும்.

அது வரும்வரை நீங்கள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒருமுறை முழுக் கடன் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். வாங்கிப் பாருங்கள். நீங்கள் வாங்காத கடன் உங்கள் பெயரில் இருந்தால் அன்றைக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். பணமே போய்விட்டால் 1930-க்கு உடனே அழையுங்கள். குழுவில் இருக்கும் அக்கா தங்கைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

கடன் வாங்கினவன் ஒரு தவணை தவறினால் ஏழு வருடம் ஆனாலும் மறக்காத கம்ப்யூட்டர் இது. நம் தகவலைத் தவறவிட்டவர்களின் கணக்கையும் நாம் மறக்கக் கூடாது.



#நம்_தகவல்_நம்_உரிமை