தொட்டிலுக்கு இந்தப் பக்கம்



இந்த அறக்கட்டளை யார் நினைவாக நடக்கிறதோ, அந்த அம்மாவிடம் பாட்டுப் படித்தவர்கள் இந்த மன்றத்தில் பலர் இருக்கிறீர்கள். நானும் படித்தேன், கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு. இசையைப் பற்றி எதை வேண்டுமானாலும் பேசுங்கள் என்று செயலாளர் சொன்னார். பச்சை உடம்புக்காரியைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். சற்று யோசித்துவிட்டுச் சரி என்றார். அவருக்கு நன்றி.

1988 டிசம்பர். கல்கத்தாவில் லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. தலைப்பிரசவத்துக்கு நான் ஊருக்குப் போகவில்லை. அம்மாதான் இங்கே வந்தாள். நாற்பது நாள் இருந்து, லேகியம், பத்தியம், குழந்தைக்கு எண்ணெய்க் குளியல் எல்லாம் பார்த்துவிட்டு ஹவுராவில் ரயில் ஏறினாள். அதன்பிறகு எனக்கு என்ன நேர்ந்தது என்று சொல்ல அன்று எனக்கு வார்த்தை இல்லை. நேரத்துக்குப் பால் கொடுத்தேன், துணி மாற்றினேன். ஆனால் குழந்தை அழுதால் அது அடுத்த வீட்டிலிருந்து வரும் அழுகை போல இருந்தது. என்னுடையது என்று தோன்றவே இல்லை. நான் காட்டிய மருத்துவர், எல்லோருக்கும் இருப்பதுதான் என்று இரும்புச்சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். என் கணவர் அலுவலகத்திலிருந்து வந்து, தூக்கமில்லாததால் அப்படி இருக்கும் என்பார். அவரும் தூங்கவில்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

ஒரு சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. அந்தக் காலத்தில் கல்கத்தாவில் அது தினப்படி நடப்பதுதான். குழந்தை வீறிட்டு அழுகிறது, நான் இருட்டில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன். கீழ்வீட்டு வங்காளி அம்மாள், நாங்கள் மாஷிமா என்போம், கையில் அரிக்கேன் விளக்கோடு ஏறி வந்தார். ‘பௌமா, மருமகளே, கொடு’ என்று குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். ஏதோ ஒரு மெட்டை வாய்க்குள்ளேயே முனகினார். அவர் கையில் சங்கு வளை, பவள வளை, இரும்புக் காப்பு. குழந்தையின் முதுகில் தட்டத் தட்ட மூன்றும் உரசி ஒரு சத்தம் வரும், தாளக்கட்டோடு. அழுகை நின்றது. அடுத்து அவர் செய்ததுதான் முக்கியம். குழந்தையை என்னிடம் உடனே தரவில்லை. என் வலக்கையைப் பிடித்துக் குழந்தையின் முதுகில் வைத்து, அதன் மேல் தன் கையை வைத்து அதே தாளத்தில் தட்டவைத்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கரண்ட் வந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். ஐந்து வாரத்தில் முதல் அழுகை.

மாஷிமா செய்ததற்கு இப்போது ஆய்வுச் சான்று இருக்கிறது. ஜப்பானின் ரிக்கென் நிறுவனத்தில் குமி குரோடாவின் குழு 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. உட்கார்ந்தபடி தூக்கி வைத்திருக்கும் தாயைவிட, தூக்கிக்கொண்டு நடக்கும் தாயிடம் குழந்தையின் அழுகை சட்டென்று அடங்குகிறது. இதயத் துடிப்பின் வேகம் குறைகிறது. 2022இல் அதே குழு இன்னொன்றும் சொன்னது: ஐந்து நிமிடம் நடந்து, குழந்தை தூங்கியபின் ஐந்திலிருந்து எட்டு நிமிடம் வரை மடியிலேயே வைத்திருந்து, பிறகு கீழே விடுங்கள். நம் பாட்டிமார் கடிகாரம் பார்க்காமல் செய்தது இதுதான். ஆனால் இந்த ஆய்வுகள் அளந்தது குழந்தையின் துடிப்பை. நான் இன்று கேட்க வந்தது, தொட்டிலுக்கு இந்தப் பக்கம் நிற்பவளுக்கு என்ன ஆகிறது என்பதை.

அவளைப் பற்றிய கணக்குகள் நம்மிடம் உண்டு. பிரசவம் ஆன சில நாளில் காரணமில்லாமல் கண்ணீர் வருவது பெரும்பாலோருக்கு நேர்வது. இரண்டு வாரத்தில் தானே போய்விடும். போகாமல் தங்கிவிடுவதுதான் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு. இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளை, இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தாய்மாரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வந்தது. ஐந்தில் ஒருத்திக்கும் சற்று அதிகம், 22 சதவீதம், என்றது அது. வேலூருக்குப் பக்கத்தில் கணியம்பாடி வட்டாரத்தில் கிராமத்துப் பெண்களிடம் நடந்த ஆய்வு 2002இல் வெளிவந்தது. புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11 சதவீதம். காரணங்களாக அவர்கள் கண்டவை: வறுமை, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், ஆண் குழந்தையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, கைக்கு உதவ ஆள் இல்லாதது. அந்தக் கடைசிக் காரணத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வங்காளத்தில் ‘ஆட்கௌடே’ என்று ஒரு சடங்கு உண்டு. குழந்தை பிறந்த எட்டாம் நாள் தெருப் பிள்ளைகள் எல்லாம் கூடி, முறத்தைக் குச்சியால் தட்டிக்கொண்டு, குழந்தை நலமா என்று பாட்டாகக் கேட்பார்கள். வீட்டுக்காரர்கள் எட்டு வகை வறுத்த தானியமும் காசும் கொடுப்பார்கள். திருநங்கைகள் டோலக்கோடு வந்து குழந்தையைக் கையில் ஏந்தி ஆடிப் பாடி வாழ்த்துவதும் இந்த ஊர் வழக்கம். நம் பக்கம் வளைகாப்பு, நலங்கு, தொட்டில் போடுதல். இவை எல்லாவற்றிலும் பாட்டு உண்டு, கைதட்டல் உண்டு. எல்லாமே பிறரை அந்த வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்துபவை. எட்டாம் நாள் முறத்தைத் தட்ட இருபது பிள்ளைகள் வந்தால், உள்ளே படுத்திருப்பவள் தான் இருப்பதை ஊர் அறியும் என்று தெரிந்துகொள்வாள்.

அந்தக் காலமே பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. வங்காளத்தில் ‘ஆந்துர் கர்’ என்ற பிரசவ அறை பல வீடுகளில் ஈரத்தரையும் இருட்டும் புகையுமாக இருந்தது. அங்கே போன உயிர்கள் ஏராளம். சித்தரஞ்சன் தாஸ் விட்டுச்சென்ற வீட்டில் 1926இல் பெண்களுக்கான மருத்துவமனையாக சேவா சதன் தொடங்கப்பட்டதற்கு அந்தச் சாவுகளும் ஒரு காரணம். அறை போகவேண்டியதுதான். அறையோடு சேர்த்து முறத்தையும் தெருப் பிள்ளைகளையும் வெளியே அனுப்பியதில்தான் என் வருத்தம்.

தாலாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ரவீந்திரநாதர் 1890களில் பிள்ளைகளைத் தாலாட்டும் பாடல்களைத் தேடிச் சேர்த்து அவற்றைப் பற்றி எழுதினார். வங்காளத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு தாலாட்டில் மராட்டியக் குதிரைப்படை வருகிறது; 1740களில் இந்த மண்ணைச் சூறையாடிய படை. விளைச்சல் போயிற்று, வரி எப்படிக் கட்டுவது என்பது அந்தத் தாயின் கவலை. தூங்கப்போகும் குழந்தையிடம் வரியைப் பற்றி யார் பேசுவார்கள்? வேறு யாரிடமும் பேச முடியாதவள் பேசுவாள். நம் ஊர்த் தாலாட்டிலும் மாமன் கொண்டுவரும் சீர் ஒரு பக்கம், புகுந்த வீட்டுப் பேச்சு இன்னொரு பக்கம். குழந்தைக்குப் பொருள் விளங்காது என்ற தைரியத்தில், திண்ணையில் இருப்பவர்கள் காதில் விழட்டும் என்ற எண்ணத்தில், மனத்தில் இருப்பதையெல்லாம் ராகத்தில் ஏற்றிச் சொன்னாள். இன்று தாலாட்டைக் கைபேசி பாடுகிறது. குழந்தை தூங்கிவிடுகிறது. தாய் சொல்லவேண்டியது சொல்லப்படாமல் நின்றுவிடுகிறது.

பாடுவது தாயைத் தேற்றுகிறதா என்று லண்டனில் சோதித்துப் பார்த்தார்கள். டெய்ஸி ஃபேன்கோர்ட், ரோஸி பெர்கின்ஸ் இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு அது. மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்த 134 தாய்மார். ஒரு பகுதியினர் பத்து வாரம் குழந்தைகளோடு கூடிப் பாடினார்கள். இன்னொரு பகுதியினர் கூடி விளையாடினார்கள். மூன்றாமவர்களுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். பத்தாம் வாரம் மூன்று குழுவும் தேறியிருந்தன. ஆனால் சோர்வு கடுமையாக இருந்தவர்களில், பாடியவர்களே சீக்கிரம் தேறினார்கள். சீக்கிரம் என்பதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். மூன்று மாதக் குழந்தைக்கு ஒரு மாதம் என்பது அதன் ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு.

உடலசைவுக்கு வருகிறேன். பாலசரஸ்வதி 1934இல் இந்தக் கல்கத்தாவில்தான் தென்னாட்டுக்கு வெளியே முதலில் ஆடினார். சிறுவனாக அவரைப் பார்த்த சத்யஜித் ராய் 1976இல் அவரைப் பற்றி ‘பாலா’ என்ற படம் எடுத்தார். அதில் கடற்கரையில் நின்று ‘கிருஷ்ணா நீ பேகனே பாரோ’வுக்கு அவர் அபிநயம் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கூப்பிடும் அந்தக் கையைப் பாருங்கள். நாட்டியம் சொல்லித் தருபவர்கள், கை முதலில் போகட்டும், கண்ணும் மனமும் பின்னால் வரும் என்பார்கள். எனக்கு இதுதான் மருந்தாக இருந்தது. என் குழந்தைமேல் எனக்குப் பாசம் வரவில்லையே என்று குமைந்துகொண்டிருந்தவளிடம் மாஷிமா பாசத்தைக் கேட்கவில்லை. கையைக் கேட்டார். கை தட்டத் தட்ட, சில வாரம் கழித்து, மனம் வந்து சேர்ந்தது.

இதே வழியை இந்த நகரத்தில் வேறொரு துயரத்துக்குக் கண்டவர் சோஹினி சக்ரவர்த்தி. கடத்தப்பட்டும் வன்முறைக்கு ஆளாகியும் மீண்ட பெண்களுக்காக 2004இல் அவர் தொடங்கிய கொல்கத்தா சன்வேத், நடன அசைவு சிகிச்சையை முறையாக வளர்த்திருக்கிறது. தன் உடம்பே தனக்கு அந்நியமாகிப்போன பெண்ணை முதலில் பேசவைப்பதில்லை, அசையவைக்கிறார்கள். அங்கே தேறியவர்களில் பலர் இன்று பிறருக்குக் கற்பிக்கிறார்கள். பிள்ளை பெற்றவளின் துயரத்தை அந்தத் துயரத்தோடு நான் ஒப்பிடவில்லை. ஆனால் உடம்பு அந்நியமாகிப்போவது என்றால் என்ன என்று அவளுக்கும் தெரியும்.

தகப்பன்மாரை மறந்துவிடக் கூடாது. பத்தில் ஒரு தகப்பனுக்கும் இந்தச் சோர்வு வருகிறது என்று 2010இல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. ஆண் தாலாட்டுப் பாடுவது நமக்குப் புதிதில்லை. பெரியாழ்வார் யசோதையாகவே மாறிப் பாடினார். பிள்ளைத்தமிழின் செங்கீரை, தால், சப்பாணி என்ற பருவங்களைப் பாருங்கள்: குழந்தையின் உடம்பு மாதாமாதம் என்ன செய்கிறது என்று கூடவே இருந்து பார்த்தவனால்தான் இப்படிப் பெயர் வைக்க முடியும். ரவீந்திரநாதர் 1902 நவம்பரில் மனைவியை இழந்தார். மறு ஆண்டு, நோயுற்ற மகள் ரேணுகாவோடு அல்மோராவில் இருந்தபோது ‘சிசு’ கவிதைகளில் பலவற்றை எழுதினார். என் கணவர் ஒரு பாட்டும் தெரியாதவர். ரயில் நிலையங்களின் பெயர்களை, ஹவுராவிலிருந்து சென்னைவரை, வரிசையாக ராகம் போட்டுச் சொல்வார். குழந்தை கரக்பூர் வருவதற்குள் தூங்கிவிடும்.

பாட்டே போதும், மருத்துவர் வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு வாரம் தாண்டிய சோர்வுக்கு ஆலோசனையும், தேவைப்பட்டால் மாத்திரையும் வேண்டும். எடின்பரோவில் 1987இல் உருவான பத்துக் கேள்விப் பட்டியல் ஒன்று இருக்கிறது. 30க்கு 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்க்கவேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ளத் தோன்றுகிறது என்றாலோ, பிள்ளை பெற்றவள் தூக்கமே இல்லாமல் இல்லாததைக் கேட்கிறாள், காண்கிறாள் என்றாலோ அன்றைக்கே போகவேண்டும். டெலிமானஸ் மனநல உதவி எண் 14416. தமிழிலும் பேசலாம், வங்காளியிலும் பேசலாம்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். இந்த மன்றம் வாரநாட்களில் காலையில் பூட்டிக் கிடக்கிறது. புதன்கிழமைதோறும் பத்தரை மணிக்குத் திறந்துவிடுங்கள். கைக்குழந்தைக்காரிகள் வரட்டும், தமிழர் என்றில்லை, இந்தத் தெருவில் உள்ள யாரானாலும். பாடத் தெரியவேண்டாம், சுருதி சேரவேண்டாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வட்டமாக நடப்போம், தெரிந்ததைப் பாடுவோம். குழந்தை அழுதால் வாங்கிக்கொண்டு நடக்க, பேரன் பேத்தி எடுத்த இரண்டு பேர் வேண்டும். அந்தப் பத்துக் கேள்விகளைக் கேட்கப் பயிற்சி பெற்ற ஒருவர் மாதம் ஒருமுறை வரட்டும். ஞாயிற்றுக்கிழமை தகப்பன்மாருக்கு.

மாஷிமா காலமாகிவிட்டார். எனக்குப் பாட்டுச் சொல்லித்தந்த அந்த அம்மாவும் இல்லை. அன்று என்னை வகுப்புக்குக் கூப்பிட்டபோது, பாடினால் பாடு, பாடாவிட்டால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திரு, வந்தால் போதும் என்றார். நான் எட்டு நாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். ஒன்பதாம் நாள் மாயாமாளவகௌளையில் ஸரளி வரிசையை எல்லோரோடும் பாடினேன்.

முதல் புதன்கிழமைக்கு ஜமக்காளம் நான் கொண்டுவருகிறேன்.