பாட்டு யார் பேரில் இருக்கிறது?

(கெங்கவல்லியில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

நான் பொறியாளன். பாடகனும் இல்லை, வக்கீலும் இல்லை. ஆனால் நம் மாணவர்கள் பலர் சொந்தமாகப் பாட்டுக் கட்டி, செல்போனிலேயே பதிவு செய்து யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் போடுவதைப் பார்க்கிறேன். சந்தோஷமான விஷயம். "போட்டாச்சு, இனி அது பொதுச் சொத்துதானே?" என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டார். இல்லை தம்பி!

நம் காட்டு வழியாகப் பக்கத்துத் தோட்டக்காரர் வண்டி ஓட்ட வழி விடுகிறோம். அதனால் பட்டா அவர் பேருக்கு மாறிவிடுமா? தளத்தில் பாட்டைப் போடுவதும் அப்படித்தான். 'சம்மதம்' என்று அழுத்தும்போது, அதை நகல் எடுக்கவும் பரப்பவும் அனுமதி கொடுக்கிறோம். பட்டா நம் பேரில்தான். பதிப்புரிமைக்குப் பதிவு செய்வதுகூட நம் நாட்டில் கட்டாயமில்லை. பாட்டு உருவானதுமே உரிமையும் வந்துவிடுகிறது.

ஆனால் ஒரு பாட்டுக்குப் பல பட்டா உண்டு. வரிகள் எழுதியவருக்கு ஒன்று, மெட்டுப் போட்டவருக்கு ஒன்று, ஒலிப்பதிவுக்குப் பணம் போட்டவருக்கு ஒன்று. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் 1994-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தனி உரிமை தந்தது. 2017 மார்ச்சில் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு வக்கீல் நோட்டீஸ் போனபோது ஊரே இரண்டாகப் பிரிந்து பேசியது நினைவிருக்கும். யார் பக்கம் நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. பாடியவர் வேறு, மெட்டின் உரிமையாளர் வேறு என்பது அன்றுதான் பலருக்குத் தெரிந்தது. சினிமாப் பாட்டை நீங்கள் பாடிப் போட்டாலும் இதே கதைதான்.

இப்போது என் துறைக்கு வருகிறேன். யூடியூபில் ஒலியின் 'கைரேகை'யை ஒப்பிடும் இயந்திரம் 2007 முதல் இருக்கிறது. யார் பேரில் கைரேகை கொடுக்கப்பட்டதோ, அவரையே அது உரிமையாளராக எடுத்துக்கொள்ளும். உண்மையான சொந்தக்காரர் யார் என்று அதற்குத் தெரியாது. நம் பக்கத்து உருமி மேளக் குழு ஒன்று சொந்தப் பணத்தில் பதிவு செய்தது. பதிவு செய்து கொடுத்தவர் அதைத் தன் பேரிலேயே சேர்த்துவிட்டார். குழுவினர் தங்கள் வாசிப்பைப் போட்டபோது, "இது வேறொருவருக்குச் சொந்தம்" என்று அறிவிப்பு வந்தது! அடித்தவர்கள் கை காய்த்தது, விளம்பர வருமானம் வேறு ஒருவருக்கு. நல்லவேளை, பணம் கட்டிய ரசீது இருந்தது. அதைக் காட்டி ஆட்சேபம் எழுதினோம். எதிர்த்தரப்பு 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், சொல்லவில்லை. உரிமைகோரல் தானாக விழுந்தது.

மற்றவர் நம் பாட்டைத் திருடிப் போட்டால்? இதற்கு முக்கியமான வழக்கு மைஸ்பேஸ் வழக்கு. டி-சீரிஸ் நிறுவனம் தொடுத்த அந்த வழக்கில், டில்லி உயர் நீதிமன்றம் 2011-ல் தளத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. 2016 டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. இன்ன பாட்டு, இன்ன இடத்தில் இருக்கிறது என்று குறிப்பிட்டுச் சொன்ன பிறகுதான் தளத்துக்குப் பொறுப்பு வரும். அதாவது, நம் காட்டுக்கு நாம்தான் காவல். டி-சீரிஸுக்கு ஆள் படை இருக்கிறது. கெங்கவல்லி மேளக்காரருக்கு யார் இருக்கிறார்கள்?

பார்வைக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். 2021-ல் வந்த 'என்ஜாய் எஞ்சாமி' உலகமெல்லாம் ஓடியது. அதிலிருந்து தனக்கு வருமானமே வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் 2024-ல் பகிரங்கமாகச் சொன்னார். அத்தனை பெரிய பாட்டுக்கே அந்த நிலை.

ஆகவே காகிதத்தைப் படியுங்கள். உரிமை மாற்றம் எழுத்திலும் கையெழுத்தோடும் இருந்தால்தான் செல்லும். எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் 5 வருடம்; எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிய ராயல்டிப் பங்கைக் கம்பெனிக்காரர் எழுதி வாங்க முடியாது. அதை வசூலித்துக் கொடுக்க 1969-லிருந்து ஐ.பி.ஆர்.எஸ். சங்கம் இருக்கிறது. ரசீது, தேதி, முதல் பதிவின் கோப்பு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் வக்கீல்கள் இருக்கிறீர்கள், கணினிக்காரர்கள் இருக்கிறோம். வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே உட்கார்ந்து, சுற்றுவட்டார மேளக்காரர், கூத்துக்காரர், பாடும் பிள்ளைகள் எல்லாருடைய காகிதங்களையும் படித்துச் சொல்வோமே! அவர்களுக்குப் பல நாள் அலைச்சல் மிச்சமாகும். பேர் கொடுக்க விரும்புவோர் விழா முடிந்ததும் சங்கச் செயலாளரிடம் கொடுங்கள். முதல் பேர் என்னுடையது.