டெர்மினலில் எழுதிச் செய்யும் கலை



தமிழக அரசு 2011-இல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இன்னோர் இயங்குதளமும் சேர்ந்து வந்தது. டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. கணினியைப் போட்டதும், இரண்டில் எதற்குள் போகலாம் என்று திரை கேட்கும். நான் பார்த்த பிள்ளைகளில் பெரும்பாலோர் பழகிய விண்டோஸுக்குள்ளேயே போனார்கள். மறுபக்கம் எட்டிப் பார்த்த சிலரும், டெர்மினல் என்று ஒன்றைத் திறந்து, படமோ பொத்தானோ இல்லாமல் ஒரு சின்னக் குறி மட்டும் மின்னுவதைக் கண்டு உடனே மூடிவிட்டார்கள். அந்த ஜன்னலைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அது பொறியியல் மாணவருக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. தமிழோ வரலாறோ விலங்கியலோ படிக்கிறவர்களுக்கும் அது கைகொடுக்கும் என்பது என் கட்சி.

டெர்மினலில் எல்லா வேலையும் எழுத்தில் நடக்கிறது. எல், எஸ் என்று இரண்டெழுத்தைத் தட்டி என்டர் கொடுத்தால், நீங்கள் இருக்கும் ஃபோல்டரில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் வரும். சி, டி என்று தட்டி ஒரு ஃபோல்டரின் பெயரைச் சொன்னால் அதற்குள் போய்விடலாம். சி, பி என்றால் நகல். எம், வி என்றால் இடமாற்றம். பெயர் மாற்றவும் அதுவே. ஃபைலின் பெயரை முழுதாகத் தட்ட வேண்டியதில்லை, முதல் சில எழுத்துகளைத் தட்டிவிட்டு டேப் கீயை அழுத்தினால் மிச்சத்தை அதுவே நிரப்பிக்கொள்ளும். ஒரு மாலை உட்கார்ந்தால் இவ்வளவும் கைக்கு வந்துவிடும்.

இதையெல்லாம் மவுஸாலேயே செய்யலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம்தான். ஆனால் மவுஸால் செய்த வேலைக்குத் தடம் கிடையாது. எந்த மெனுவைத் திறந்தோம், எங்கே டிக் அடித்தோம் என்பது மறுவாரம் நமக்கே மறந்துபோகும். டெர்மினலில் தட்டியது வரியாக நிற்கிறது. மேல் அம்புக்குறியை அழுத்தினால் சற்றுமுன் தட்டிய வரி திரும்ப வரும். ஹிஸ்டரி என்று தட்டினால் பழைய கமாண்டுகள் வரிசை எண்ணோடு வந்து நிற்கும். அதில் ஒன்றைத் திருத்தி மறுபடி ஓட்டலாம், நோட்டில் எழுதி வைக்கலாம், தோழிக்கு அனுப்பி வைக்கலாம். இந்த எண்ணிக்கை உனக்கு எப்படி வந்தது என்று ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வில் கேட்டால், இதோ இந்த வரியால் வந்தது என்று காட்டிவிடலாம். ஆய்வு செய்கிற பிள்ளைக்கு இதைவிடப் பெரிய துணை எனக்குத் தெரியவில்லை.

எம்.ஏ. தமிழ் படிக்கும் ஒரு மாணவியை வைத்துக்கொள்வோம். சங்க இலக்கியத்தில் யானை என்பது அவர் எடுத்த தலைப்பு. மதுரைத் திட்டம் என்ற தன்னார்வ முயற்சி 1998 முதல் தமிழ் நூல்களை மின்னுரைகளாக்கி இலவசமாகக் கொடுத்து வருகிறது. எட்டுத்தொகை நூல்களை அங்கிருந்து எடுத்து, வெறும் எழுத்துக் கோப்புகளாக ஒரு ஃபோல்டரில் போட்டிருக்கிறார். டெர்மினலைத் திறந்து அந்த ஃபோல்டருக்குள் போகிறார். கிரெப் என்று தட்டி, ஓர் இடம் விட்டு, யானை என்று தமிழிலேயே தட்டி, இன்னோர் இடம் விட்டு நட்சத்திரக் குறி போடுகிறார். இங்கே உள்ள எல்லாக் கோப்பும் என்று அந்த நட்சத்திரத்துக்குப் பொருள். என்டர் கொடுத்ததும், யானை வருகிற ஒவ்வொரு வரியும், அது எந்தக் கோப்பில் இருக்கிறது என்ற பெயரோடு, மளமளவென்று இறங்குகிறது. லேப்டாப் எவ்வளவு பழையதானாலும் இதற்குத் திணறாது.

அடுத்து களிறு என்று தேடுகிறார். சில வரிகள் வருகின்றன. ஆனால் களிற்றின், களிற்றொடு என்று வரும் இடங்கள் அகப்படவில்லை. கடைசி உகரத்தை விட்டுவிட்டுக் களிற என்று மட்டும் கொடுக்கிறார். இரண்டு வகையும் வந்துவிடுகின்றன. பிடி என்று தேடினால் பெண்யானையோடு பிடித்தலும் சேர்ந்து வந்து குவியும். வேழம் என்று தேடினால் யானையும் வரும், நாணலும் வரும். கணினிக்குப் புணர்ச்சி இலக்கணம் தெரியாது, மாணவிக்குத் தெரியும். எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று யோசிக்கிற வேலை அவரிடமே இருக்கிறது. வகுப்பில் மனப்பாடம் செய்த விகாரம் இங்கே தேடுவதற்கு உதவுவதை அவர் நேரில் பார்க்கிறார். கருவி நம்மை யோசிக்க வைப்பது குறை என்று சிலர் சொல்லக்கூடும். அதுதான் அதன் சிறப்பு என்று நான் சொல்வேன்.

கிரெப் பிறந்ததே இப்படி ஓர் எழுத்தாய்வுக்காகத்தான் என்று பிரையன் கெர்னிகன் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில், லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் என்ற இயங்குதளம் வளர்ந்த நாட்களில் அங்கே இருந்தவர் அவர். அவருடைய சக ஊழியர் லீ மக்மேஹன் ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அமெரிக்க அரசியல் சாசனத்தை ஆதரித்து 1787, 88-இல் மூன்று பேர் ஒரே புனைபெயரில் எழுதிய 85 கட்டுரைகள் அவை. எதை யார் எழுதியது என்பது கேள்வி. அன்றிருந்த எடிட்டர் நிரலால் அவ்வளவு பெரிய எழுத்தைத் தாங்க முடியவில்லை. அதே ஆய்வகத்தின் கென் தாம்சன் அந்த எடிட்டரின் தேடும் பகுதியை மட்டும் தனியே பிரித்து, ஒரு சின்னக் கருவியாக்கிக் கொடுத்தார். நம் மாணவி இன்று ஓட்டுவது அதன் வாரிசைத்தான்.

தனியே பிரித்தது என்று சொன்னேன் அல்லவா, இந்தக் கலையின் அழகே அங்கேதான் இருக்கிறது. ஒரு கருவி ஒரு வேலை செய்தால் போதும். பல கருவிகளை இணைத்துப் பெரிய வேலை வாங்கிக்கொள்ளலாம். தோட்டத்து ரப்பர் குழாய்களைத் திருகி மாட்டுவதுபோல நிரல்களை மாட்ட வழி வேண்டும் என்று பெல் ஆய்வகத்தின் டக் மக்கில்ராய் 1964-இலேயே ஒரு குறிப்பு எழுதினார். 1973-இல், ஒரே இரவில், கென் தாம்சன் யூனிக்ஸுக்குள் அதைச் செய்துவிட்டார். பைப் என்பார்கள். விசைப்பலகையில் ஒரு நெட்டுக்கோடு இருக்கிறதே, அதுதான் இணைப்பு.

குறுந்தொகையில் அதிகம் வரும் சொற்கள் எவை என்று பார்க்க நம் மாணவிக்கு ஆசை வருகிறது. டி, ஆர் என்ற கருவியிடம், இடைவெளி வரும் இடத்திலெல்லாம் வரியை உடை என்கிறார். இப்போது வரிக்கு ஒரு சொல். நெட்டுக்கோடு. சார்ட் அதை அகரவரிசைப்படுத்துகிறது. நெட்டுக்கோடு. யூனிக் மைனஸ் சி, ஒரே சொல் எத்தனை முறை என்று எண்ணுகிறது. பக்கத்துப் பக்கத்து வரிகளைத்தான் யூனிக் ஒப்பிடும், அதனால்தான் முதலில் சார்ட் வேண்டியிருந்தது. மறுபடி நெட்டுக்கோடு, மறுபடி சார்ட், இந்த முறை எண்ணிக்கையை வைத்து, பெரியது மேலே வரும்படி. கடைசியில் ஹெட், முதல் பத்து வரிக்கு. ஒவ்வொரு நெட்டுக்கோட்டிலும் நின்று, இதுவரை என்ன வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்ததை மாட்டலாம். யானையை, யானைக்கு என்பவை தனித்தனிச் சொல்லாக எண்ணப்படும், அதை எப்படிச் சேர்ப்பது என்ற அடுத்த கேள்வியும் தானே முளைக்கும். ஒரு வரிக் கமாண்டிலிருந்து ஆய்வுக் கேள்வி முளைப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறைகிறது.

புதிதாக வருகிறவர்களை மிரட்டும் விஷயம் ஒன்று உண்டு. வேலை சரியாக முடிந்தால் டெர்மினல் வாயே திறக்காது. நகல் எடுத்தாயா என்று கேட்டால் பதில் இல்லை, அடுத்த வரியில் குறி மின்னும், அவ்வளவுதான். 1969-இல் யூனிக்ஸ் தொடங்கிய காலத்தில் பெரும்பாலும் திரைகூடக் கிடையாது. டெலிடைப் என்ற, தாளில் அச்சடிக்கும் தட்டச்சுப் பொறியில்தான் வேலை. மாடல் 33 என்ற பெயர்பெற்ற பொறி விநாடிக்கு 10 எழுத்துதான் அடிக்கும். அந்த வேகத்தில் யார் நீளநீளமாகப் பேசுவார்கள்? கமாண்டுகள் இரண்டெழுத்தில் குறுகியதற்கும் அதுவே காரணம். பைப் வந்தபிறகு மௌனம் இன்னும் பயன்பட்டது: ஒரு கருவி வெட்டிப்பேச்சு பேசினால் அடுத்த கருவிக்குள் அந்தப் பேச்சும் போய்விடும். எனவே பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், பதில் வராவிட்டால் பயப்படாதீர்கள். பதில் வந்தால் நின்று படியுங்கள். அப்படி ஒரு ஃபைல் இல்லை என்றோ, உனக்கு அனுமதி இல்லை என்றோ அது சொல்லும் பிழைச்செய்தியில் பெரும்பாலும் விடை இருக்கும்.

பயப்பட வேண்டிய இடமும் உண்டு. ஆர், எம் என்றால் அழிப்பு. இதற்குக் குப்பைத்தொட்டி கிடையாது, போனது போனதுதான். நட்சத்திரத்தையும் அதற்கடுத்த புள்ளி டி-எக்ஸ்-டி என்பதையும் ஒட்டி எழுதினால் எழுத்துக் கோப்புகள் மட்டும் அழியும். நடுவே ஓர் இடைவெளி விழுந்துவிட்டால் நட்சத்திரம் தனியாகி, ஃபோல்டரில் உள்ள எல்லாக் கோப்பும் போய்விடும். 1998-இல் டாய் ஸ்டோரி 2 படத்தின் பெரும்பகுதி இந்தக் கமாண்டு ஒன்றால் பிக்சார் நிறுவனத்தின் சேமிப்பிலிருந்து அழிந்தது. காப்புநகலும் சரியாக இல்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சஸ்மனின் கணினியில் ஒரு நகல் இருந்ததால் படம் பிழைத்தது. எனவே எதை அழிக்கப் போகிறீர்களோ அதே குறியை முதலில் எல்-எஸ்ஸுக்குக் கொடுத்துப் பாருங்கள். பட்டியல் சரியாக இருந்தால், மேல் அம்பை அழுத்தி, எல்-எஸ்ஸை மட்டும் ஆர்-எம் ஆக மாற்றுங்கள். இன்று செயற்கை நுண்ணறிவைக் கேட்டாலும் கமாண்டு எழுதித் தருகிறது. அதில், நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டும் சூடோ என்ற சொல்லில் தொடங்கும் எதையும், மேன் என்று தட்டி அந்தக் கமாண்டின் கையேட்டைப் பார்க்காமல் ஓட்டாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் டெர்மினல் என்று நான் வாதாட மாட்டேன். புகைப்படத்தைத் திருத்துவதற்கும், அழைப்பிதழ் வடிவமைப்பதற்கும் மவுஸும் கண்ணும் வேண்டும். டெர்மினலைப் பழகிப் பார்க்கப் புதிதாகக் கணினியும் வாங்க வேண்டாம். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் டெர்மினலை ஓட்ட 2016 முதல் வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசியில் டெர்மக்ஸ் என்ற செயலி இருக்கிறது.

எனக்குள்ள மனக்குறை தமிழைப் பற்றியது. அம்மா என்ற சொல்லை, கடைசியில் வரிமாற்றம் சேராமல், டபிள்யூ, சி என்ற எண்ணும் கருவிக்குள் பைப் வழியாக அனுப்பிப் பாருங்கள். மைனஸ் எம் என்று கேட்டால் 5 என்று சொல்லும்: அ, ம, புள்ளி, ம, துணைக்கால். மைனஸ் சி என்று கேட்டால் 15. ஒவ்வொன்றும் மூன்று பைட். நமக்கு மூன்றெழுத்து. இந்தக் கணக்கு யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தால் வருகிறது. 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில், மேசைமேல் விரித்த காகிதத்தில், அதை வகுத்தவர்கள் பெல் ஆய்வகத்தின் ராப் பைக்கும், அதே கென் தாம்சனும். உலகத்து எழுத்துகளையெல்லாம் அது சுமக்கிறது, தமிழையும் சிந்தாமல் சுமக்கிறது. அதனால்தான் கிரெப் நம் யானையைக் கண்டுபிடித்தது.

ஆனால் திரையில் காட்டும்போது பல டெர்மினல்கள் சொதப்புகின்றன. கொம்பு இடம் மாறி நிற்கிறது, துணைக்கால் தள்ளிப் போகிறது. காரணம் பழையது. ஒரு குறிக்கு ஒரு கட்டம், வரிக்கு 80 கட்டம் என்று திரையைச் சம கட்டங்களாகப் பிரித்துக்கொண்ட முறை அது. ஒரு மெய்யும் அதன் உயிர்க்குறியும் சேர்ந்து ஓரெழுத்தாகும் என்பதை அந்தக் கட்டம் எண்ணிப் பார்க்கவில்லை. கோப்புக்குள் தமிழ் பழுதில்லாமல் இருக்கிறது, எடிட்டரில் திறந்தால் தெரியும். கேடிஇ திட்டத்தின் கான்சோல் போன்ற சில டெர்மினல்கள் ஓரளவு நன்றாகக் காட்டுகின்றன. இந்த நிரல்களில் பெரும்பாலானவை திறந்த மூலம்; பிழையைப் பதிவு செய்ய யாருடைய அனுமதியும் வேண்டாம். கெ, கொ, கௌ, க்ஷ, ஸ்ரீ என்ற ஐந்தையும் ஒரு கோப்பில் எழுதி, உங்கள் டெர்மினலில் கேட் என்ற கமாண்டால் திறந்து பாருங்கள். எது கோணலாகத் தெரிகிறதோ அதைப் படம் பிடித்து, டெர்மினலின் பதிப்பு எண்ணோடு அதை உருவாக்குகிறவர்களுக்கு எழுதுங்கள். தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் சொன்னால்தான் அங்கே கோணல் இருப்பதே அவர்களுக்குத் தெரியும்.