உப்பு போட்டா புரோட்டான் ஓடுமா, நிக்குமா?

ஹைட்ரஜன் பத்திப் பேசினாலே ஒரு கேள்வி வந்துடுது: "கடல் தண்ணியை அப்படியே மெஷின்ல ஊத்தி ஹைட்ரஜன் எடுக்கலாமே? உப்புத் தண்ணியில கரெண்ட் நல்லாத்தானே போகும்?" நியாயமான கேள்விதான். பதில் புரோட்டான் நகர்ற விதத்துல இருக்கு.

எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன்தான் புரோட்டான். தண்ணியில மின்புலம் கொடுத்தா, இது சோடியம் அயனியை விட சுமார் 7 மடங்கு வேகமாப் போகும். எப்படி? கூட்டமான பஸ்ல பின்னாடி நிக்கிறவர் டிக்கெட் காசைக் கை மாத்திக் கை மாத்தி கண்டக்டருக்கு அனுப்புவார் இல்லையா, அது மாதிரி. ஒரே வித்தியாசம், இங்க ஒவ்வொருத்தரும் வாங்கின காசைத் தன் பையில போட்டுக்கிட்டு, வேற காசை எடுத்து அடுத்தவர்கிட்ட கொடுக்கிறாங்க. தண்ணி மூலக்கூறுகள் அப்படித்தான் புரோட்டானைக் கைமாத்துது. இந்தக் கைமாத்துற யோசனையை 1806-லயே எழுதினவர் தியோடர் குரோத்தஸ். அப்போ அவருக்கு வயசு 21.

இப்போ உப்பைச் சேர்ப்போம். இங்க உப்புக்கு ரெண்டு முகம் இருக்கு.

முதல் முகம் உதவி. அகர் ஜெல்லியில நிறம் மாறும் சாயத்தைக் கலந்து, ரெண்டு குழாய்ல ஊத்தி, மேல கொஞ்சம் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுறோம்னு வைங்க. (லேப்ல மட்டும், வீட்ல வேண்டாம்!) ஒரு குழாய்ல அமிலத்தை விடப் பல மடங்கு உப்பு இருக்கு. அதுலதான் நிறம் வேகமா கீழே இறங்கும். காரணம், சாதா ஜெல்லியில புரோட்டான் முன்னாடி ஓடப் பார்த்தாலும், மெதுவான குளோரைடு அதைப் பின்னாடி இழுக்கும். பிளஸ்ஸும் மைனஸும் தனித்தனியாப் பிரிஞ்சு போக முடியாது. உப்பு நிறைய இருந்தா, சுத்தி இருக்கிற சோடியமும் குளோரைடும் கொஞ்சம் நகர்ந்து அந்தக் கணக்கைச் சரிபண்ணிடும். புரோட்டானுக்கு விடுதலை!

ரெண்டாவது முகம் இடைஞ்சல். உப்பு ரொம்ப அதிகமானா, ஒவ்வொரு சோடியமும் அஞ்சாறு தண்ணி மூலக்கூறுகளைத் தன்னைச் சுத்தி நிறுத்தி வச்சுக்கும். காசைக் கைமாத்த ஆள் குறையும்.

இதை விடப் பெரிய சிக்கல் ஹைட்ரஜன் மெஷினுக்குள்ள. பி.இ.எம் வகை மெஷின்ல நடுவுல ஒரு சவ்வு இருக்கும். பெரும்பாலும் நாஃபியான் மாதிரி ஒரு பிளாஸ்டிக். தண்ணி குடிச்சு, கிட்டத்தட்ட ஜெல் மாதிரி ஊறிக் கிடக்கும். அதுல மைனஸ் மின்சுமை கொண்ட சல்போனிக் குழுக்கள் நிரந்தரமா ஒட்டியிருக்கு. அதெல்லாம் புரோட்டானுக்கான சீட். ஒரு பக்கம் தண்ணி உடைஞ்சு ஆக்சிஜனும் புரோட்டானும் வரும். புரோட்டான் சவ்வைக் கடந்து மறுபக்கம் போய் ஹைட்ரஜன் வாயுவாகும்.

உப்புத் தண்ணி விட்டா, அந்த சீட்டை சோடியம் பிடிச்சுக்கும். கால்சியமும் மெக்னீசியமும் ரெண்டு மின்சுமை உள்ளவை, இன்னும் கெட்டியா உட்காரும். சவ்வோட கடத்துதிறன் பல மடங்கு விழும். அதே வேலைக்கு அதிக மின்சாரம் செலவாகும். போதாக்குறைக்கு, குளோரைடுல இருந்து குளோரின் வாயு வந்து உலோகங்களை அரிக்கும்.

அப்போ கடல் தண்ணி வீணா? இல்லவே இல்லை. கணக்கைப் பாருங்க. 1 கிலோ ஹைட்ரஜனுக்கு வேதியியல்படி சுமார் 9 லிட்டர் தண்ணி போதும். அதை உடைக்க 50 யூனிட் மின்சாரத்துக்கு மேல ஆகும். ஆனா 1,000 லிட்டர் கடல் நீரை நன்னீராக்கவே சுமார் 3, 4 யூனிட்தான். அப்போ 9 லிட்டருக்கு? 0.04 யூனிட் கூட ஆகாது! அதுக்கு மேல இன்னும் சுத்தம் பண்ற மின்சாரத்தைச் சேர்த்தாலும், மொத்தத்துல அது சின்னத் துளிதான்.

அதனால உப்பை முன்னாடியே எடுத்துடுறதுதான் இப்போதைக்குப் புத்திசாலித்தனம். 'கடல் நீரிலிருந்து நேரடி ஹைட்ரஜன்'னு தலைப்பு பார்த்தா உடனே ஷேர் பண்ணாதீங்க. ரெண்டு கேள்வி கேளுங்க: புரோட்டான் எது வழியாப் போகுது? உப்பு எங்க போய் உட்காருது? இந்த ரெண்டுக்கும் பதில் இருந்தா மட்டும் மேல படிங்க.