சொல்லும் உடலும்



காஞ்சி நெசவாளர் தறிக்குழியில் கால்களை இறக்கி நாளெல்லாம் அமர்ந்திருக்கிறார். இழை எங்கே இறுகிற்று, எங்கே தளர்ந்தது என்பதை அவர் விரல்கள் உடனே அறியும். ஆனால், கடனைப் பற்றிய பேச்சு எழும்போது தம் தோள் இறுகுவதையும் மூச்சுக் குறுகுவதையும் அவர் அறிவதில்லை. "ஒன்றுமில்லை" என்று வாய் சொல்லும். உடல் வேறொன்று சொல்லும்.

மனத்துயரைப் பேசி ஆற்றும் மருத்துவத்தில் இவ்வேறுபாட்டை உற்று நோக்கியவர் யூஜின் ஜென்ட்லின். சிகாகோ பல்கலைக்கழகத்தில் கார்ல் ராஜர்சுடன் பணியாற்றிய அவர், துயரைத் தடையின்றி விவரிப்போரைவிட, இடையில் நின்று, நெஞ்சிலோ வயிற்றிலோ தெளிவின்றித் தோன்றும் உணர்வைக் கவனித்து அதற்குரிய சொல்லைத் தேடுவோரே மிகுந்த பயன் பெறுவதைக் கண்டார். அம்முறையை விளக்கி 1978இல் 'ஃபோகசிங்' என்னும் நூலை வெளியிட்டார்.

சமணர்க்கு இவ்விணைப்பு புதிதன்று. தத்துவார்த்த சூத்திரம் கூறும் ஒன்பது பிராயச்சித்தங்களுள் முதலாவது ஆலோசனை. இன்று அச்சொல் அறிவுரையைக் குறிக்கிறது. அந்நூலிலோ, தன் குற்றத்தை ஆசிரியர்முன் ஒளிக்காமல் உரைத்தலையே குறிக்கிறது. சொல்வதோடு நெறி முடியவில்லை. ஆறு ஆவசியகங்களுள் பிரதிக்கிரமணத்தின் பின் காயோத்சர்க்கம் வருகிறது. கழுகுமலைப் பாகுபலியைப் போலக் கைகளைத் தொங்கவிட்டு, அசையாது நின்று, ஒன்பது முறை நமோகார மந்திரத்தை இருபத்தேழு மூச்சுகளில் எண்ணுவது திகம்பரர் மரபு.

இரண்டும் ஒன்றென்று கூறுதல் பிழை. மருத்துவத்தின் நோக்கம் துயர் தணித்தல். காயோத்சர்க்கத்தின் நோக்கம் 'என் உடல்' என்னும் பற்றை விடுத்தல். ஆயினும், இறுகப் பற்றியிருப்பதை அறியாதவர் அதனை விடுவது எங்ஙனம்? அறிதல் இரண்டிற்கும் வாயில்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கொடிய நிகழ்வால் அஞ்சியவர் உடலை உற்று நோக்கின் அச்சம் பெருகவும் கூடும். பயிற்சி பெற்றவர் துணையோடு, அவர் இசைவோடு, சிறிது சிறிதாகவே தொடங்கல் வேண்டும். நெஞ்சுவலி என்பாரை முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்க.

இன்றிரவு இல்லத்தில் ஒருவர் "ஒன்றுமில்லை" என்று கூறின், உடனே அறிவுரை வழங்க வேண்டா. அவரருகே இருபத்தேழு மூச்சளவு அமைதியாய் அமர்ந்திருங்கள். அதன்பின் அவர் பேசுவதைக் கேளுங்கள்.