துலக்கும் தொட்டியும் உப்பு நீரும்

பெங்களூரில் நம் வீடுகளுக்கு இருவகை நீர் வருகிறது. ஒன்று, 1974 முதல் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேலேற்றிக் கொணரப்படும் காவிரி நீர். மற்றொன்று ஆழ்துளைக் கிணற்று நீர். பின்னதில் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து மிகுதி. பாத்திரம் துலக்கும் தொட்டியில் அந்நீர் உலர்ந்தால் வெண்படலம் படிந்துவிடுகிறது.

எவர்சில்வர் தொட்டியாயின் கவலையில்லை. எலுமிச்சைச் சாறு தடவி, பத்து நிமிடம் கழித்து நன்றாகக் கழுவினால் படலம் கரைந்துவிடும். (இரும்பு நார் மட்டும் வேண்டா, கீறல் விழும், உதிரும் துணுக்குகளும் துருப்பிடிக்கும்.) ஆனால் சலவைக்கல், மொசைக், சிமெண்டுத் தொட்டிகளுக்குப் புளிப்பு ஆகாது. அவற்றிலும் சுண்ணாம்பே இருப்பதால், கறையைக் கரைப்பது தொட்டியையும் அரித்துவிடும். பிழிந்த எலுமிச்சை மூடியை அவற்றில் போட்டுவைக்கும் வழக்கத்தைக்கூட நாம் விட்டுவிட வேண்டும். சோப்பு நீரும் தேங்காய் நாருமே போதும்.

இவற்றினும் பெரிய பிழை ஒன்றுண்டு. கறை போகவில்லையென்று பிளீச்சிங் பவுடரைத் தூவி, அதன்மேல் கழிவறைக்கென வாங்கிய ஆசிட்டையும் ஊற்றிவிடுகிறோம். உடனே எழுவது குளோரின் வாயு. சன்னல் சாத்திய சிறு சமையலறையில் அது உயிருக்கே ஆபத்து. அவ்விரண்டையும் ஒருபோதும் சேர்க்கலாகாது.

இரவு படுக்குமுன் தொட்டியை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டால், ஆசிட்டைத் தேடும் வேலையே நமக்கு வராது.